'விடுதலை' என்றால் எந்த விடுதலை? கோர்ட் செய்திகளில் குழம்பும் ஆங்கிலச் சொற்கள்

புழல் சிறை வாசலில் ஒருவர் வெளியே வருகிறார். ஆளுயர மாலை, பட்டாசு, முட்டிமோதும் மைக்குகள். டிவியின் கீழே 'விடுதலை' என்று எழுத்து ஓடுகிறது. மூன்று வாரம் கழித்து அதே ஆள் அதே வழக்குக்காகக் கோர்ட் படியேறுகிறார். பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது: அதான் விடுதலை ஆகிவிட்டாரே, அப்புறம் எதற்கு வழக்கு?

அவர் வெளியே வந்த காரணம் ஆங்கில உத்தரவில் ஒற்றைச் சொல்லாக இருந்திருக்கும்: பெயில், பரோல், டிஸ்சார்ஜ், அக்விட்டல், ரெமிஷன் என ஏதோ ஒன்று. இவற்றில் எது என்பதைப் பொறுத்து அவர் நாளை தேர்தலில் நிற்கலாமா, மறுபடி ஜெயிலுக்குப் போவாரா, வழக்கு உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் மாறும். தமிழில் எல்லாவற்றுக்கும் 'விடுதலை' என்ற ஒரே சட்டையை மாட்டிவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் குழப்பும் சொற்கள் என்றால் 'அஃபெக்ட்–எஃபெக்ட்' மாதிரி ஜோடிகளைத்தான் பள்ளியில் சொல்லித் தருவார்கள். அது ஒலியும் எழுத்தும் ஒத்திருப்பதால் வரும் குழப்பம். தப்பினால் ஒரு மார்க் போகும். கோர்ட் செய்தியில் வரும் குழப்பம் வேறு ரகம். 'பெயில்', 'அக்விட்டல்' இரண்டும் ஒலியில் துளியும் ஒத்துப்போகாது. தமிழுக்கு வரும் வழியில்தான் ஒட்டிக்கொள்கின்றன. செய்தித் தமிழ் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறது: ஆள் உள்ளே போனார், வெளியே வந்தார். சட்ட ஆங்கிலமோ தாளில் என்ன எழுதப்பட்டது என்பதைச் சொல்கிறது.

உள்ளே போகும் வழிகள்

முதலில் 'கைது'. ஆங்கிலத்தில் அரெஸ்ட், டிடென்ஷன், கஸ்டடி என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன.

1. அரெஸ்ட் என்பது ஒரு செயல். ஒருவரைப் போலீஸ் பிடித்துத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவரும் அந்தக் கணம். அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும்.

2. கஸ்டடி என்பது அதற்குப் பிறகான நிலை. மாஜிஸ்திரேட் அவரை யாரிடம் ஒப்படைக்கிறார் என்பதே இங்கே கேள்வி. போலீஸ் கஸ்டடி என்றால் விசாரணை அதிகாரியின் கையில் இருப்பார். கேள்வி கேட்பார்கள், பொருளை மீட்கச் சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். ஜுடீஷியல் கஸ்டடி என்றால் சிறையில் இருப்பார். கோர்ட் அனுமதி இல்லாமல் போலீஸ் அங்கே போய் விசாரிக்க முடியாது. சாதாரண வழக்குகளில் போலீஸ் கஸ்டடி மொத்தம் 15 நாளைத் தாண்டக் கூடாது. ஜுடீஷியல் கஸ்டடியைத் தமிழில் 'நீதிமன்றக் காவல்' என்று எழுதும்போது ஆளை ஏதோ கோர்ட் கட்டடத்துக்குள் பூட்டிவைத்திருப்பது போல ஒரு சித்திரம் எழுகிறது. இலங்கைத் தமிழில் ரிமாண்டுக்கு 'விளக்கமறியல்' என்ற தனிச்சொல் இருக்கிறது. விசாரணைக்காக மறித்துவைத்தல் என்ற பொருள் சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது. நம்மிடம் அப்படி ஒன்று வேரூன்றவில்லை.

3. டிடென்ஷன், அதிலும் தடுப்புக்காவல், முற்றிலும் வேறு சங்கதி. செய்த குற்றத்துக்காக அல்ல, செய்துவிடக்கூடும் என்ற அச்சத்தில் வைப்பது. 'குண்டாஸ் பாய்ந்தது' என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் இந்த வகை. கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவு போட்டால் ஓராண்டு வரை வைக்கலாம். இந்த உத்தரவுக்கு ஜாமீன் கிடையாது. இத்தகைய உத்தரவுகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம் போதிய காரணம் இல்லை என்று சொல்ல வேண்டும், அரசே திரும்பப் பெற வேண்டும், அல்லது ஆட்கொணர்வு மனுவில் உயர்நீதிமன்றம் உடைக்க வேண்டும். அதனால்தான் 'ஜாமீன் கிடைத்தும் வெளியே வரவில்லை' என்ற செய்தி வருகிறது. ஜாமீன் கிடைத்தது வழக்கில். அவரைப் பிடித்துவைத்திருப்பது வேறு தாள்.

இன்னொரு கைதும் உண்டு. மறியல் செய்தவர்களை வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, மதியம் சாம்பார் சாதம் கொடுத்து, மாலையில் அனுப்புவார்கள். அதிகபட்சம் 24 மணி நேரத்துக்கான முன்னெச்சரிக்கைக் கைது அது. மறுநாள் பேப்பரில் 'மாலையில் விடுதலை' என்று இருக்கும். அதுவும் விடுதலைதான்!

அக்யூஸ்ட் யார், கன்விக்ட் யார்

செய்திகளில் அன்றாடம் நடக்கும் பெரிய தவறு இதுதான் என்பது என் எண்ணம். எஃப்ஐஆரில் 'அக்யூஸ்ட் நம்பர் ஒன்' என்று இருப்பதைப் பேப்பரில் 'முதல் குற்றவாளி' என்று எழுதுகிறோம். பேச்சில் 'ஏ1 குற்றவாளி' என்றே ஆகிவிட்டது. அக்யூஸ்ட் என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்; அவ்வளவே. விசாரணை முடிந்து 'இவர் செய்தார்' என்று கோர்ட் தீர்ப்பெழுதிய பிறகுதான் கன்விக்ட், அதாவது குற்றவாளி. இடையில் பல வருடம் ஓடலாம். 'குற்றம் சாட்டப்பட்டவர்' தலைப்புக்கு நீளம் என்பார்கள். 'எதிரி' என்ற பழைய கோர்ட் சொல் இருக்கிறது. கீழமைக் கோர்ட்டுகளின் தமிழ்த் தாள்களில் 'முதல் எதிரி, இரண்டாம் எதிரி' என்றே எழுதுகிறார்கள். ஓர் எழுத்துகூடக் கூடுதல் இல்லாமல் சரியான பொருள் அங்கேயே கிடக்கிறது.

வெளியே வரும் வழிகள்

இனி வாசலுக்கு வருவோம். வழக்கின் எந்தக் கட்டத்தில் ஒருவர் வெளியே வருகிறார் என்பதை வைத்துப் பிரித்தால் எளிது.

1. பெயில் (ஜாமீன், பிணை): வழக்கு அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் நிபந்தனையோடு வெளியே. ஜாமீன் என்ற சொல் அரபியிலிருந்து பாரசீக, உருது வழியாக வந்தது. மூலத்தில் அது உத்தரவாதம் கொடுக்கும் ஆளையே குறிக்கும். 'ஜாமீன் போடுவது' என்று இன்றும் ஊரில் சொல்கிறோமே, அது மூலப் பொருளுக்குப் பக்கம். பெயில் கிடைத்ததால் ஒருவர் நிரபராதி என்று எந்தக் கோர்ட்டும் சொன்னதாகாது.

2. முன்ஜாமீன்: கைதுக்கு முன்பே வாங்குவது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. அதில் முன்ஜாமீனுக்குப் பிரிவு எண் 482. பழைய சட்டத்தில் 482 என்றால் வழக்கையே ரத்துசெய்யக் கேட்கும் பிரிவு. அது இப்போது 528. '482இல் மனு' என்று படித்தால் எந்த வருடச் செய்தி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. டீஃபால்ட் பெயில்: போலீஸ் தாமதித்ததால் கிடைப்பது. பத்து வருடமோ அதற்கு மேலோ, ஆயுள், மரணம் என்று தண்டனை கிடைக்கக்கூடிய வழக்கென்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகிறது. வழக்கின் தராதரம் இதில் பேசப்படுவதே இல்லை.

4. குவாஷ்: வழக்கையே உயர்நீதிமன்றம் ரத்து செய்வது. மரத்தை வேரோடு பிடுங்குவது மாதிரி.

5. டிஸ்சார்ஜ்: குற்றச்சாட்டுகளைப் பதிவுசெய்யும் கட்டத்தில், 'விசாரணை நடத்தவே போதிய முகாந்திரம் இல்லை' என்று கோர்ட் விடுவிப்பது. சாட்சி விசாரணை நடந்திருக்காது. ஆகவே புதிய ஆதாரம் வந்தால் வழக்குத் திரும்ப எழலாம்.

6. அக்விட்டல்: முழு விசாரணை நடந்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பாவது. 2017 டிசம்பர் 21 அன்று 2ஜி வழக்கில் ஆ.ராசா, கனிமொழி உள்ளிட்டோருக்குச் சிறப்பு நீதிமன்றம் தந்தது இதுவே. அதே குற்றத்துக்காகப் புதிதாக இன்னொரு விசாரணை நடத்த முடியாது. அப்பீல் போகலாம்.

7. பரோல்: தண்டனை பெற்ற கைதிக்குச் சில நாள் விடுப்பு. பிரெஞ்சு மொழியில் 'பரோல்' என்றால் வாக்கு. திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போவது. தமிழ்நாட்டு விதிகளில் இதற்கு அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்றே பெயர். பேச்சிலும் செய்தியிலும் பரோல். 'பரோலில் விடுதலை' என்று எழுதுவது, லீவில் ஊருக்குப் போனவரை வேலையை விட்டுவிட்டார் என்று சொல்வது போல.

தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று அபேட். ஜெயலலிதாவை 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் தண்டித்தது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் அக்விட்டல் தந்தது. அதை எதிர்த்த அப்பீலில் 2017 பிப்ரவரி 14 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர் உயிரோடு இல்லை. அதனால் அவரைப் பொறுத்தவரை அப்பீல் 'அபேட்' ஆனது, அதாவது அற்றுப்போனது. சசிகலா உள்ளிட்ட மற்ற மூவருக்கும் நான்காண்டுத் தண்டனை உறுதியானது. அந்த ஒற்றைச் சொல்லை ஒரு தரப்பு 'விடுதலை' என்றும் மறுதரப்பு 'குற்றவாளி' என்றும் இன்றுவரை மேடையில் பேசுகிறது.

ஒரே மனிதர், எல்லாச் சொற்களும்

இந்தச் சொற்களின் வேறுபாட்டை, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனின் வழக்கைவிடத் துல்லியமாகக் காட்டும் வழக்கு இல்லை.

1991 ஜூனில் அரெஸ்ட். 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2014 பிப்ரவரி 18 அன்று, கருணை மனுவை முடிவுசெய்ய அரசு எடுத்துக்கொண்ட நீண்ட தாமதத்தைக் காரணம்காட்டி உச்சநீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக மாற்றியது. இது கம்யூட்டேஷன். நாளேடுகள் 'தண்டனைக் குறைப்பு' என்றன. ஆனால் ரெமிஷனுக்கும் தமிழில் 'தண்டனைக் குறைப்பு' என்றே எழுதுகிறோம். கம்யூட்டேஷனில் தண்டனையின் வகை மாறுகிறது: தூக்கு, ஆயுளாக. ரெமிஷனில் வகை அதே, அளவு குறைகிறது. (தினமும் வேலைக்கு ரயிலில் போகிறவரை ஆங்கிலத்தில் 'கம்யூட்டர்' என்பதும் இதே வேரிலிருந்து வந்தது, தினசரிக் கட்டணத்தை மொத்தத் தொகையாக மாற்றிக்கொடுத்த சீசன் டிக்கெட்டின் பெயரிலிருந்து.)

இங்கே ஒரு பழைய மயக்கத்தையும் தீர்த்துவிடலாம். ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம் என்று டீக்கடை முதல் சினிமா வரை சொல்வார்கள். ஆயுள் என்றால் ஆயுள் முழுக்க. மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, 14 வருடம் முடியாமல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் முன்கூட்டி விடக்கூடாது என்பதே விதி. 14 என்பது கேட்கத் தொடங்கும் வருடம். கிடைத்தே தீரும் வருடம் இல்லை.

2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை, தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ ஆளுநருக்கு அரசியல் சட்டத்தின் 161ஆவது பிரிவு தரும் அதிகாரத்தின்கீழ் அவரை விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் தரப்பில் முடிவு வரவில்லை. நடுவே சில முறை பரோல். 2022 மார்ச் 9 அன்று உச்சநீதிமன்றம் பெயில் கொடுத்தது. 2022 மே 18 அன்று, முழு நீதி வழங்கத் தனக்குச் சிறப்பு அதிகாரம் தரும் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அவர் தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டதாகக் கருத வேண்டும் என்று உத்தரவிட்டது.

கடைசி வரியை நிதானமாகப் படியுங்கள். தண்டனை முடிந்தது என்று கோர்ட் சொன்னது. அவரைக் குற்றவாளி என்ற தீர்ப்பு தவறு என்று அந்த உத்தரவு சொல்லவில்லை. அக்விட்டல் அதில் இல்லை. தான் குற்றமற்றவர் என்ற அவருடைய வாதம் தனி. அன்று 'விடுதலை' என்று எழுதியது பொருத்தமே, ஏனெனில் நிஜமாகவே அவர் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை. 'நிரபராதி என விடுதலை' என்று பகிர்ந்தவர்களும் 'கொலையாளி ஜாமீனில் திரிகிறார்' என்று பகிர்ந்தவர்களும் ஒரே அளவு தவறு செய்தார்கள்.

ஸ்டே எதன் மீது?

தண்டனைத் தீர்ப்பில் இரண்டு பகுதிகள். 'நீ செய்தாய்' என்பது கன்விக்‌ஷன். 'அதற்கு இவ்வளவு' என்பது சென்டன்ஸ். தமிழில் 'தண்டனை' இரண்டையும் மூடிவிடுகிறது. 'தண்டனைக்குத் தடை' என்று போட்டால் எதற்குத் தடை என்று யாருக்கும் தெரியாது.

இது ஏன் முக்கியம்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(3) பிரிவுப்படி, இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனையோடு கன்விக்‌ஷன் ஆனவர் அந்த நாள் முதலே தகுதி இழக்கிறார். அப்பீல் போட்டால் பதவி தப்பும் என்ற பழைய சலுகையை 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் நீக்கிவிட்டது. எனவே சென்டன்ஸை நிறுத்தினால் ஜெயிலுக்குப் போக வேண்டாம், பதவி திரும்பாது. கன்விக்‌ஷனுக்கு ஸ்டே வந்தால்தான் பதவி.

ராகுல் காந்தி விஷயத்தில் 2023 மார்ச் 23 அன்று சூரத்தில் தண்டனை, மறுநாள் எம்பி பதவி பறிப்பு. ஏப்ரலில் செஷன்ஸ் கோர்ட் சென்டன்ஸை நிறுத்தி ஜாமீன் கொடுத்தது; பதவி வரவில்லை. ஆகஸ்ட் 4 அன்று உச்சநீதிமன்றம் கன்விக்‌ஷனுக்கு ஸ்டே கொடுத்தது. ஆகஸ்ட் 7 அன்று பதவி திரும்பியது.

பொன்முடி வழக்கு இன்னும் நுணுக்கமானது. 2016இல் விழுப்புரம் கோர்ட் தந்த அக்விட்டலை 2023 டிசம்பர் 19 அன்று சென்னை உயர்நீதிமன்றம் புரட்டியது. 21ஆம் தேதி மூன்றாண்டுச் சிறை. ஆனால் அப்பீல் போக வசதியாக சென்டன்ஸ் 30 நாள் நிறுத்திவைப்பு. ஆக, ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போகாமலே அமைச்சர் பதவியும் எம்எல்ஏ பதவியும் போயின. 2024 மார்ச் 11 அன்று உச்சநீதிமன்றம் கன்விக்‌ஷனுக்கு ஸ்டே கொடுத்தது. முதல்வர் மறுபடி அமைச்சராக்கச் சொன்னபோது ஆளுநர் மறுத்தார். கன்விக்‌ஷன் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதே தவிர ரத்தாகவில்லை என்பது அவர் சொன்ன காரணம். சொல்லளவில் அது உண்மைதான்: ஸ்டே வேறு, 'செட் அசைட்' வேறு. ஆனால் தகுதி இழப்பைத் தடுக்க ஸ்டேயே போதும். உச்சநீதிமன்றம் ஆளுநரைக் கடிந்துகொண்டது. மார்ச் 22 அன்று பொன்முடி பதவியேற்றார்.

தள்ளுபடி: ஜவுளிக்கடை முதல் வங்கி வரை

இதே குழப்பம் கோர்ட்டுக்கு வெளியேயும் உண்டு. ஆடித் தள்ளுபடி, மனு தள்ளுபடி, கடன் தள்ளுபடி. முதல் இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. மூன்றாவதற்குள் இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன.

2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் இருந்த பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் விவசாயிகள் அதன்பின் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டியதில்லை. இது வெய்வர்.

2020 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் தகவலறியும் உரிமைச் சட்டப் பதில் ஒன்று வெளியாகி, வேண்டுமென்றே கடன் கட்டாத 50 பெரும்புள்ளிகளின் 68,607 கோடி 'தள்ளுபடி' என்று நாடெங்கும் பரவியது. அது ரைட்-ஆஃப்.

மளிகைக்கடை நோட்டை வைத்துப் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளர் 5,000 ரூபாய் பாக்கி, வருடக்கணக்கில் வரவில்லை. அண்ணாச்சி அந்த 5,000த்தை நஷ்டமாக எழுதி, நடப்பு நோட்டிலிருந்து எடுத்து 'வராக்கடன்' என்று பழைய நோட்டில் ஏற்றுகிறார். ரைட்-ஆஃப் அதுதான். ஆளைத் தெருவில் பார்த்தால் கேட்பார். நிலம் இருந்தால் கேஸ் போடுவார். பக்கத்தைக் கிழித்துப்போட்டு 'போய்ட்டு வாப்பா' என்றால் வெய்வர். ரைட்-ஆஃப் ஆன கடனாளி மீது வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கைத் தொடரலாம், அடமானச் சொத்தை ஏலம் விடலாம்.

இதை விளக்கியவுடன் 'அப்படியானால் பிரச்சினையே இல்லை' என்று சிலர் கையைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். அதுவும் சரியில்லை. எழுதிவைத்த நஷ்டம் வங்கியின் லாபத்திலிருந்து போகிறது; பிறகு வசூலாவது பெரும்பாலும் முழுத்தொகை ஆவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி 'ஏன் மன்னித்தாய்' என்பதல்ல, 'இதுவரை எவ்வளவு மீட்டாய்' என்பது.

ஒத்திவைப்பில் மூன்று

'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்ற தொடர் இரண்டு இடங்களில் வரும்.

சட்டசபையில் வந்தால் 'அட்ஜர்ண்டு சைனி டை': அடுத்த கூட்டம் எந்த நாள் என்று சொல்லாமல் சபாநாயகர் முடித்திருக்கிறார். கூட்டத்தொடர் இன்னும் முறைப்படி முடியவில்லை. அதை முடித்துவைப்பது ஆளுநரின் புரோரோக் உத்தரவு. இந்த இரண்டிலும் எம்எல்ஏக்களின் பதவிக்கு ஆபத்தில்லை. சபையைக் கலைப்பது, அதாவது டிஸ்ஸால்வ், மட்டுமே பதவியைப் பறிக்கும்.

கோர்ட்டில் வந்தால் பெரும்பாலும் அது 'ஜட்ஜ்மென்ட் ரிசர்வ்டு'. இரு தரப்பு வாதமும் முடிந்துவிட்டது, நீதிபதி எழுதப் போகிறார் என்று பொருள். வழக்கு இழுக்கப்படுவதாக நினைத்து வாசகர் சலித்துக்கொள்ளும் அந்த நேரத்தில், உண்மையில் அது கடைசிப் படியில் நிற்கிறது. வெறும் அட்ஜர்ன்மென்ட் என்றால் அடுத்த வாய்தா தேதி சொல்லியிருப்பார்கள். காலண்டரில் வட்டம் போடலாம். ரிசர்வ் ஆன வழக்குக்கு வட்டம் போட நாளே இல்லை. முந்தைய நாள் மாலை வெளியாகும் வழக்குப் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே 'தீர்ப்புக்காக' என்று வந்தால்தான் தெரியும். வக்கீல் குமாஸ்தா தினமும் மாலையில் விரலை வைத்துத் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்.